காற்றை எதிர்த்துத் திரும்பும் கப்பல்

மலாக்கா நீரிணையில் காற்று வலுத்து வீசும் நாள்கள் குறைவு. மேற்கே சுமத்ராவின் மலைகளும் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரும் மறித்து நிற்க, நடுவே அடைபட்ட இந்தக் கடலுக்குப் பருவக்காற்று களைத்துப்போய்த்தான் வந்து சேர்கிறது. விடியலுக்கு முன் சுமத்ராப் பக்கமிருந்து பாய்ந்து வந்து, மழையைக் கொட்டிவிட்டு ஓடிவிடும் ‘சுமத்ராஸ்’ காற்றைச் சிலாங்கூர் கரையோரத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். அது போனதும் கடல் மறுபடி அசையாமல் கிடக்கும். வலை போடப் போகிறவருக்கு இந்த அமைதி நல்லது. விமானந்தாங்கிக் கப்பலில் வேலை செய்கிற மாலுமிக்கோ இதைவிடப் பெரிய கவலை கிடையாது.

1945 செப்டம்பர் 9ஆம் தேதி காலை, கிள்ளானுக்குத் தெற்கே மோரிப் கடற்கரையில் பிரிட்டிஷ் தளபதி மவுண்ட்பேட்டனின் படைகள் கரையிறங்கின. அவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். மலாயாவை ஜப்பானியரிடமிருந்து சண்டையிட்டு மீட்பதற்காகத் தீட்டிய அந்தத் திட்டத்துக்கு ‘ஸிப்பர்’ என்று பெயர். ஆகஸ்ட் 15ஆம் தேதியே ஜப்பான் பணிந்துவிட்டதால் எதிர்த்துச் சுட யாரும் இல்லை. நல்லவேளை. மேலே கெட்டியாகத் தெரிந்த மணலுக்கு அடியில் சேறு இருந்தது. வண்டிகள் பல தண்ணீரிலேயே புதைந்து நின்றுவிட்டன.

அந்தப் படகுகளுக்குப் பின்னால், ஆழ்கடலில், சிறு விமானந்தாங்கிக் கப்பல்கள் காவலுக்கு வந்திருந்தன. இன்று சிலாங்கூரின் சுங்கை பூலோவிலிருந்து கிள்ளான், பந்திங் வழியாகக் கார் ஓட்டிப்போய் மோரிப் கரையில் நின்று மேற்கே பார்க்கிறவர்களுக்கு அங்கே சரக்குக் கப்பல்கள்தான் தெரியும். அன்று அந்தத் திசையில் மிதந்தவற்றுள் இரண்டின் பெயர் ‘ஹன்டர்’, ‘ஸ்டாக்கர்’. சரியாக இரண்டு ஆண்டுக்கு முன், 1943 செப்டம்பர் 9ஆம் தேதி, இதே இரண்டு கப்பல்களும் இத்தாலியின் சலேர்னோ வளைகுடாவில் இருந்தன. அங்கே அவற்றுக்கு நேர்ந்ததைப் புரிந்துகொண்டால், விமானந்தாங்கிக் கப்பலில் ஒரு மாலுமியின் பகலையும் இரவையும் எது ஆட்டிவைக்கிறது என்பது புரிந்துவிடும்.

விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது அதன் இறக்கைமேல் ஓடும் காற்று. தரையை ஒப்பிட்டு விமானம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது இறக்கைக்குத் தெரியாது. தன்மேல் மோதும் காற்றின் வேகம் மட்டுமே அதற்குக் கணக்கு. அந்த வேகம் இரண்டு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும். நிலத்தில் இருக்கிற ஓடுபாதை நீளமானது. ஆற அமர ஓடி அந்த வேகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். கப்பலில் இடம் ஏது? ஹன்டர் வகைக் கப்பலின் மொத்த நீளமே சுமார் 150 மீட்டர். ஆகவே கப்பல் காற்றை எதிர்த்துத் திரும்புகிறது. திரும்பி, முழு வேகத்தில் ஓடுகிறது. எதிர்க்காற்று 15 நாட், கப்பலின் வேகம் 25 நாட் என்றால் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர்) மேல்தளத்தில் நிற்கிற விமானத்தின் மேல் 40 நாட் காற்று ஏற்கெனவே வீசிக்கொண்டிருக்கும். ஓர் அங்குலம்கூட உருளாமலே புறப்பாட்டு வேகத்தில் பெரும்பகுதி அதற்குக் கிடைத்துவிடுகிறது.

திரும்பி வந்து இறங்கும்போது இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. 110 நாட் வேகத்துக்குக் கீழே போனால் விழுந்துவிடும் என்று ஒரு விமானத்தை வைத்துக்கொள்வோம். மேல்தளத்தில் 30 நாட் காற்று இருந்தால், தளத்தை ஒப்பிட்டு அதன் வேகம் 80 நாட். காற்று 19 நாட்டாகக் குறைந்தால் அது 91 நாட் ஆகிவிடும். 11 நாட் வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இயக்க ஆற்றலும் வேகத்தின் இருமடிப்படியே ஏறுகிறது. 91ஐயும் 80ஐயும் இருமடியாக்கி வகுத்துப் பாருங்கள், தளத்தின் குறுக்கே கிடந்து விமானத்தின் கொக்கியைப் பிடித்து நிறுத்தும் தடுப்புக் கம்பி விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 30 விழுக்காடு கூடியிருக்கும். அந்த 30 விழுக்காடு, விமானத்தின் கொக்கியிலும் சக்கரத் தண்டிலும் கம்பிக்குப் பக்கத்தில் நிற்கிற மாலுமியின் உடம்பிலும்தான் போய் விடிய வேண்டும்.

சலேர்னோவில் காற்று செத்துப்போயிருந்தது. இந்தச் சிறு கப்பல்கள் அமெரிக்கத் தளங்களில் சரக்குக் கப்பலின் உடலை வைத்துக் கட்டப்பட்டவை. 18 நாட்டுக்கு மேல் ஓடாதவை. அவற்றிலிருந்தும் ‘யூனிகார்ன்’ என்ற பெரிய கப்பலிலிருந்தும் 106 சீஃபயர் போர் விமானங்கள் பறந்தன. நிலத்துக்காகப் பிறந்த ஸ்பிட்ஃபயரின் கடல் வடிவம் அது. மெலிந்த கால்கள், நீண்ட மூக்கு. எதிரியிடம் இழந்ததைவிடத் தங்கள் கப்பலின் மேல்தளத்திலேயே மோதி இழந்த விமானங்கள் பல மடங்கு அதிகம். கம்பி பிடித்து இழுக்கும்போது மூக்கு குனிந்து சுழல்விசிறியின் நுனி தளத்தில் இடித்தது. அதைச் சமாளிக்க, விசிறி இதழ்களின் நுனியைச் சில அங்குலம் வெட்டியே எறிந்தார்கள். இழுவை அவ்வளவாகக் குறையவில்லை, விசிறிகள் பிழைத்தன. விமானவியல் நூல்கள் சொல்லாத தீர்வு இது. இரவு முழுக்கக் கொட்டகையில் நின்று உடைந்த விசிறிகளைக் கழற்றி மாட்டுகிறவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடியது.

கப்பலுக்குள் வாழ்க்கை எப்படி இருந்தது? சிறு விமானந்தாங்கியில் அறுநூறு எழுநூறு பேர். விமானம் ஓட்டுகிறவர்கள் அவர்களில் ஒரு கைப்பிடி. மற்ற எல்லாரும் நீராவியையும் பெட்ரோலையும் குண்டையும் கம்பியையும் சோற்றையும் பார்த்துக்கொள்கிறவர்கள். அமெரிக்கக் கட்டுமானம் என்பதால், தொங்கு தூளியில் தூங்கிப் பழகிய பிரிட்டிஷ் மாலுமிக்கு அடுக்குக் கட்டிலும், துணி வெளுக்கும் இயந்திரமும், வரிசையில் நின்று தட்டில் வாங்கிச் சாப்பிடும் கூடமும் கிடைத்தன. வசதிதான். ஆனால் அந்த வசதிக்கு அடியில் பெட்ரோல் கிடங்கு இருந்தது.

பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. படிகளிலும் கதவு இடுக்குகளிலும் வழிந்து கப்பலின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். மேல்தளத்தில் வீசுகிற 30 நாட் காற்று அங்கே எட்டிப்பார்க்காது. 1943 மார்ச் 27ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் கிளைட் கழிமுகத்தில் ‘டாஷர்’ என்ற விமானந்தாங்கி வெடித்துச் சில நிமிடங்களில் மூழ்கியது. 379 பேர் மாண்டார்கள். பக்கத்தில் எதிரி எவனும் இல்லை. தேங்கிய பெட்ரோல் ஆவியில் பொறி பட்டிருக்க வேண்டும் என்பதே பெரும்பாலோர் கருத்து. அதன் பிறகு பிரிட்டிஷ் கடற்படை இவ்வகைக் கப்பல்கள் சுமக்கும் விமான எரிபொருளை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. அத்தகைய ஒரு கப்பலில், வெப்பமண்டலக் கடலில், இரும்புத் தளம் பகல் முழுக்கக் காய்ந்துகொண்டிருக்க, கீழே படுத்திருக்கும் இளைஞனுக்கு மூக்கில் லேசாகப் பெட்ரோல் வாடை அடித்தால் தூக்கம் வருமா?

இங்கே சுங்கை பூலோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தளத்தில் அறைந்து இறங்கும் விமானத்தின் முழு அடியையும் முதலில் வாங்குவது அதன் டயர். சுழலாமல் வருகிற சக்கரம், தளத்தைத் தொட்ட நொடியில் விமானத்தின் வேகத்துக்குச் சுழல வேண்டும். அதுவரை ரப்பர் உரசிப் புகைகிறது. உள்ளே சூடு ஏறாமல், இழுத்தாலும் கிழியாமல் இந்த வதையைத் தாங்குவதில் பால்மரத்திலிருந்து வரும் இயற்கை ரப்பரை மிஞ்சும் செயற்கை ரப்பர் இன்றுவரை இல்லை. அதனால்தான் இன்றைக்கும் விமான டயர்களில் இயற்கை ரப்பரே கோலோச்சுகிறது. 1942இல் ஜப்பான் மலாயாவையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளையும் பிடித்தபோது நேச நாடுகளுக்கு வந்துகொண்டிருந்த ரப்பரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோனது. அமெரிக்கா அவசர அவசரமாகச் செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டியது அதனால்தான். நம் மலேசிய மண்ணில் பால்மரத்தின் இனங்களை ஆராய்ந்து வளர்த்தது சுங்கை பூலோவில் இருந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம். அந்த நிலத்தில் இன்று குவாசா டாமன்சாரா நகரியம் எழுகிறது, எம்.ஆர்.டி. ரயில் ஓடுகிறது. சிலாங்கூர்த் தோட்டங்களில் விடியலில் பால்வெட்டிய தமிழர்களின் உழைப்பு, எந்தக் கப்பலின் மேல்தளத்தில் போய் எத்தனை விமானங்களின் அடியைத் தாங்கியது என்று யாரும் கணக்கு எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

காற்றை எதிர்த்துத் திரும்புவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நீர்மூழ்கி பதுங்கியிருக்கும் கடலில் கப்பல்கள் வளைந்து வளைந்து ஓடும், குறி வைக்க முடியாதபடி. ஆனால் விமானம் இறங்கும் நேரத்தில் விமானந்தாங்கி வளைய முடியாது. காற்று வரும் திசையில் நேர்க்கோட்டில், ஒரே வேகத்தில், கடைசி விமானம் கம்பியைப் பிடிக்கும்வரை ஓடியே தீர வேண்டும். போர் தொடங்கி இரண்டு வாரத்தில், 1939 செப்டம்பர் 17ஆம் தேதி, பிரிட்டனின் ‘கரேஜியஸ்’ விமானந்தாங்கி, தன் விமானங்களுக்காகக் காற்றை நோக்கித் திரும்பியது. திரும்பிய திசையில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி காத்திருந்தது. 500க்கும் மேற்பட்டோர் கப்பலோடு போனார்கள். மேல்தளக்காரர்களுக்குக் காற்று கிடைத்த மகிழ்ச்சி, கீழே தண்ணீர்மட்டத்துக்கு அடியில் நிற்பவர்களுக்கு அச்சமாகிவிடும். அந்த நேர்க்கோட்டு ஓட்டத்தின் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்குத் தெரியும். கப்பல் சாய்வதை நிறுத்தியதுமே தெரிந்துவிடும்.

விமானமே இல்லாத விமானந்தாங்கியின் கதியைப் பார்த்தவர்கள் மட்டக்களப்புக்காரர்கள். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி, திருகோணமலைமீது ஜப்பானியர் குண்டு வீசிய நாள். விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பலான பிரிட்டனின் ‘ஹெர்மிஸ்’, தாக்குதலுக்குத் தப்புவதற்காக முந்தைய இரவே துறைமுகத்தை விட்டுக் கிளம்பி, கரையோரமாகத் தெற்கே போயிருந்தது. அதன் தளத்தில் அன்று ஒரு விமானமும் இல்லை. ஜப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து வந்த குண்டுவீச்சு விமானங்கள் அதை மட்டக்களப்புக்கு அப்பால் சில நிமிடங்களில் மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். ‘விட்டா’ என்ற மருத்துவக் கப்பல் அந்தப் பக்கமாக இருந்ததால் நூற்றுக்கணக்கானோர் பிழைத்தார்கள். கப்பல் இன்றும் ஐம்பது மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது.

இனி வங்கக் கடலுக்கு வருவோம். இந்தக் கதைகளில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது 1971 இந்திய-பாகிஸ்தான் போருக்கு இந்தியாவின் ‘விக்ராந்த்’ விமானந்தாங்கி போன கதை. பறந்து போய்க் குண்டு போட்ட விமானிகளைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். கொதிகலன் அறையைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை.

விக்ராந்த் இரண்டாம் உலகப் போரின் பிள்ளை. ‘ஹெர்குலிஸ்’ என்ற பெயரில் 1945 செப்டம்பர் 22ஆம் தேதி, மோரிப் கரையிறக்கத்துக்கு இரண்டே வாரம் கழித்து, இங்கிலாந்தில் அதை நீரில் இறக்கினார்கள். போர் முடிந்துவிட்டதால் பாதி வேலையோடு ஆண்டுக்கணக்கில் கிடந்தது. இந்தியா வாங்கி, பெல்ஃபாஸ்டில் முடித்து, 1961 மார்ச் 4ஆம் தேதி கடற்படையில் சேர்த்தது. கிடந்த காலத்தில் ஒரு நன்மையும் விளைந்தது. கவணிலிருந்து கல் போவதைப் போல விமானத்தை நீராவியால் எறியும் கருவி, சாய்வான இறங்குதளம், விமானிக்குச் சரியான சரிவைக் காட்டும் கண்ணாடி ஆகிய மூன்றும் அதற்குள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன; மூன்றும் விக்ராந்தில் பொருத்தப்பட்டன.

நான்கு கொதிகலன்கள். 40,000 குதிரைத்திறன். அந்த நீராவிதான் சுழலியைச் சுழற்றிக் கப்பலை 24, 25 நாட் வேகத்துக்குத் தள்ளியது. அதே நீராவிதான் மேல்தளத்தில் விமானத்தை எறிந்தது. கடல்நீரைக் காய்ச்சி வடித்துக் குடிநீராக்கியதும் அதுவே. இந்த மூன்றும் ஒரே அடுப்பை நம்பியவை. காய்ச்சி வடித்த நீரில் முதல் உரிமை கொதிகலனுக்கு. அதற்குள் துளி உப்பு போனாலும் குழாய்களில் படிந்து, அரித்து, சூட்டைத் தடுத்து, கடைசியில் வெடிக்கச் செய்யும். மனிதன் உப்பு நீரில் குளித்தால் அரிக்கும், அவ்வளவுதான். ஆகவே குளிக்கிற குழாய் மூடும், கொதிகலனின் குழாய் மூடாது. சுற்றிலும் கண்ணுக்கெட்டியவரை தண்ணீர் உள்ள இடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வாளித் தண்ணீரை எண்ணிக் குளித்த காரணம் இது.

1970இல் அந்தக் கொதிகலன்களின் நீர் உருளைகளில் விரிசல் கண்டார்கள். பற்றவைத்துச் சரிசெய்ய முடியாத விரிசல். மாற்று உருளைகள் பிரிட்டனிலிருந்து வர வேண்டும், வந்தபாடில்லை. கொதிகலன்களைத் தொடாதே என்று தலைமையகம் உத்தரவிட்டது. மாதக்கணக்கில் கப்பல் பம்பாயில் கட்டிப்போட்டுக் கிடந்தது. பாகிஸ்தானோடு நடந்த 1965 போரிலும் அது கடலுக்குப் போகவில்லை. இம்முறையும் போகாவிட்டால் இந்தியாவுக்கு விமானந்தாங்கியே தேவையில்லை என்று சொல்லிவிடுவார்கள் என்ற கவலை கடற்படை அதிகாரிகளுக்கு இருந்தது.

1971 மார்ச் 1ஆம் தேதி கொதிகலன்களை மறுபடி மூட்டினார்கள், அழுத்தத்தைக் குறைத்து. குறைத்த அழுத்தம் என்பது சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டு. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் இரும்பின் மேலும் 28 கிலோ. உருளையின் உட்சுவரில் ஒரு சதுர மீட்டரை எடுத்துக்கொண்டால் 280 டன் அதை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. ஏறக்குறைய 230 டிகிரிவரை திரவமாகவே நிற்கும். உருளை எங்காவது பிளந்தால் அழுத்தம் சட்டென்று விழும். தாங்கிப்பிடிக்க ஆளில்லாத அந்தக் கொதிநீரில் ஒரு பகுதி கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகும். தண்ணீர் சாதாரணக் காற்றழுத்தத்தில் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் விரிகிறது. அறைக்குள் இருப்பவர்களுக்கு ஓட நேரம் கிடைக்காது.

என்ன செய்தார்கள்? கொதிகலன்களைச் சுற்றி எஃகுப் பட்டைகள் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். நீராவி கசிகிறதா என்று பார்க்கக் கண்ணாடிச் சாளரங்கள் வைத்தார்கள். ஜூன் மாதம் மூன்று கொதிகலன்களோடு ஆழ்கடலில் ஓட்டிப் பார்த்து, 14 நாட் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு போருக்குத் தகுதி என்று முடிவுசெய்தார்கள். விரிசலுக்குள் என்ன நடக்கிறது என்பதை எஃகுப் பட்டை மாற்றிவிடாது. பிளந்தால் சிதறாமல் பிடித்துக்கொள்ளும், அதுவும் ஓரளவுக்கு. அந்த அறையில் நான்கு மணி நேரக் காவல் முறையில் மாலுமிகள் நின்றார்கள். 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் வெப்பம். காற்றில் ஈரம் நிறைந்துவிட்டால் வியர்வை காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. உயர் அழுத்த நீராவி கண்ணுக்கும் தெரியாது. நாம் பார்க்கிற வெண்புகை, நீராவி குளிர்ந்து துளிகளான பிறகு வருவது. கசியும் ஓட்டைக்கு அருகில் ஒன்றும் தெரியாது, சீறும் ஓசை மட்டும் கேட்கும். சாளரத்தின் முன்னால் நின்றவன் எதைத் தேடிக்கொண்டிருந்தான் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

14 நாட் என்ற அந்த எண் மேல்தளத்துக்கு ஏறிவந்தபோது விமானிகளின் கவலையாயிற்று. ஜூலை இறுதியில் கொச்சியிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய கப்பலில் தலைவர் ஸ்வராஜ் பிரகாஷுக்கு இருந்த கேள்வி: இந்த வேகத்தில் அலிஸே விமானம் இறங்க முடியுமா? நீர்மூழ்கி தேடும் கனத்த விமானம் அது. மேல்தளக் காற்று குறைந்தால், இறக்கை தூக்கும் எல்லையை உரசுகிற அளவு மெதுவாக வந்து இறங்க வேண்டும். வேகத்தைக் கூட்ட வழியில்லை என்றால் எடையைத்தான் குறைக்க வேண்டும். எடையில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால், விழாமல் பறக்கத் தேவையான வேகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். இருமடிக் கணக்கு இம்முறை உதவிக்கு வந்தது. விமானங்களின் எடையைக் குறைத்தார்கள். அலிஸேக்கள் இறங்கின. சீஹாக் போர் விமான அணியும் கப்பலேறியது. கப்பல் சென்னைத் துறைமுகத்தில் நின்று பழுதுபார்த்துக்கொண்டது. அக்டோபரில் மறுபடியும் அங்கே வந்தது. நகரத்தின் கரையோரத்தில் அந்தக் கொதிகலன்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிழக்குக் கடற்படைத் தளபதி அப்போது வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்த தமிழர். 14 நாட்டில் நகரும் விமானந்தாங்கி, நீர்மூழ்கிக்குச் சுலபமான இரை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பாகிஸ்தானின் ‘காஜி’ நீர்மூழ்கி விக்ராந்தைத் தேடித்தான் வங்கக் கடலுக்கு வந்துகொண்டிருந்தது. நவம்பர் 13ஆம் தேதி கப்பல்கள் அந்தமானுக்குக் கிளம்பின. விக்ராந்த் ஆளரவமற்ற ஒரு நங்கூரத் துறையில் ஒளிந்துகொண்டது. விசாகப்பட்டினத்துக்கு அருகே ‘ராஜ்புத்’ என்ற பழைய நாசகாரி, விக்ராந்தைப் போல வானொலியில் பேசிக்கொண்டு திரிந்தது. பெருங்கப்பலுக்குத் தேவையான அளவு இறைச்சியும் காய்கறியும் ஒப்பந்தக்காரர்களிடம் கேட்கப்பட்டன. ஊருக்குள் செய்தி பரவ வேண்டும் என்றே கேட்கப்பட்டன. விக்ராந்திலிருந்து ஒரு மாலுமி தன் தாயின் உடல்நிலையை விசாரிப்பதாக, எதிரி ஒட்டுக்கேட்கும்படி வெளிப்படையான ஒரு செய்தியும் போனது. ராஜ்புத்தை விக்ராந்தாக நம்பவைத்தது பீரங்கியன்று. சோற்றுக் கணக்கும் அம்மாவின் நலமும். மாலுமியின் வாழ்க்கை எவற்றால் ஆனது என்பதைக் கிருஷ்ணன் அறிந்து வைத்திருந்தார்.

டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி காஜி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. ராஜ்புத் வீசிய ஆழ்நீர்க் குண்டுகள் என்று இந்தியா சொல்லும். கப்பலுக்குள்ளேயே, அல்லது அது வைத்த கண்ணிவெடியாலேயே வெடித்தது என்று பாகிஸ்தான் தரப்பு சொல்லும். அந்தக் கப்பலில் இருந்தவர்களும் வெக்கையிலும் தண்ணீர்த் தட்டுப்பாட்டிலும் வாழ்ந்த மாலுமிகளே.

4ஆம் தேதி காலை விக்ராந்த் காற்றை நோக்கித் திரும்பியது. எட்டு சீஹாக் விமானங்கள் ஒவ்வொன்றாக எறியப்பட்டன. ஒவ்வோர் எறிதலுக்கும் கவண் ஒரு மடக்கு நீராவியை விழுங்கும். கீழே அழுத்தமானியின் முள் சற்றே விழும். கொதிகலன்காரர்கள் எண்ணெயைக் கூட்டி அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஆனால் 400 பவுண்டைத் தாண்டாமல். மேலே நடப்பதை அவர்கள் பார்க்க முடியாது. தலைக்குமேல் ஒரு ‘தட்’ என்ற அதிர்வும் முள்ளின் நடுக்கமும்தான் விமானம் போய்விட்டதற்கு அடையாளம். 60 கடல் மைல் தொலைவில், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த காக்ஸ் பஜார் விமானத்தளத்தை அவை தாக்கின. அன்றே சிட்டகாங் துறைமுகம். பிறகு குல்னா, மோங்லா. அலிஸேக்கள் இரவிலும் பறந்தன. விளக்கணைத்த கப்பலில், இருளில், அவை திரும்பி வரும்வரை கம்பிக்காரர்களும் கொக்கி கழற்றுகிறவர்களும் தீயணைப்பு உடைக்காரரும் மேல்தளத்தின் ஓரத்துக் குழிகளில் பதுங்கிக் காத்திருந்தார்கள். விமானம் இறங்கியதும் பாய்ந்து ஓடி, கம்பியை விடுவித்து, அடுத்ததற்குத் தளத்தைக் காலிசெய்ய வேண்டும், நொடிகள்தான் கணக்கு. பகலில் வரிசையாக நடந்து தளத்தைக் கண்ணால் பெருக்குவதும் அவர்கள் வேலை. கழன்று கிடக்கும் ஒரு சிறு திருகாணி போதும், ஜெட் இயந்திரம் உறிஞ்சிக்கொண்டு நொறுங்குவதற்கு.

டிசம்பர் 16ஆம் தேதி போர் முடிந்தது. விரிசல் விட்ட கொதிகலன்கள் கடைசிவரை தாங்கின. கப்பலைச் சேர்ந்தவர்களுக்கு 2 மகாவீர் சக்கரங்களும் 12 வீர் சக்கரங்களும் கிடைத்தன. 1979இல் தொடங்கிய பெரிய புதுப்பிப்பில்தான் கொதிகலன்களைச் சீர்படுத்தினார்கள். 1987இல் தொடங்கிய அடுத்த புதுப்பிப்பில் நீராவிக் கவணையே கழற்றிவிட்டு, முன்புறம் மேல்நோக்கி வளைந்த சரிவுப் பாதையைக் கட்டினார்கள்; சீஹாரியர் ஜெட் அதில் ஓடிப்போய்த் தானே எழும்பிவிடும், கீழிருந்து யாரும் நீராவி அனுப்ப வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் கொச்சியில் பணிக்கு வந்த புதிய விக்ராந்தில் கொதிகலனே கிடையாது. நான்கு வாயுச் சுழலிகள் அதை 28 நாட் வேகத்தில் ஓட்டுகின்றன. அதன் இயந்திர அறையில் பணிபுரிகிற இளைஞர் திரைகளைப் பார்த்து வேலை செய்கிறார். எஃகுப் பட்டை போட்ட உருளைக்கு முன்னால் சாளரத்தில் கண் வைத்து நின்ற வேலை, 2014இல் உடைக்கப்பட்ட அந்தப் பழைய கப்பலோடு முடிந்தது.